புதுப்பிப்பு: பிஎஸ்5 ஆட்டக் கருவி, கணினி இரண்டுக்கும் ரூட்டர் (சுங்கை சிப்புட், மலேசியா)

முன்பு கேட்டது: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் ஆட்டம் நடுவே திணறுகிறது, எந்த ரூட்டர் வாங்கலாம்?

வேகம் போதும். வீட்டில் யாராவது வீடியோ ஏற்றும்போதுதான் பிங் (பதில் வர ஆகும் தாமதம்) எகிறுகிறது. பதிவேற்ற வரிசை நிரம்பி, ஆட்டத்தின் சிறு தரவுப் பாக்கெட்டுகள் அதன் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. அதனால் ஆன்டெனாக்களை எண்ணாதீர்கள், எஸ்கியூஎம் (அந்த வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி உண்டா என்று கேளுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்கும் மாடலே என் தேர்வு. அதில் 'கேக்' என்ற எஸ்கியூஎம் முறையை இயக்கி, இரு திசை வேகத்தையும் கம்பிவழி அளந்ததில் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தினால் பிங் அடங்கும்.

டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைப்பென்றால் ரூட்டரில் இட வேண்டியவை: விலான் (தடத்தைப் பிரிக்கும் எண்) 500, பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை), எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 1492. டிவி பெட்டிக்கு விலான் 600. இவற்றை ஏற்காத ரூட்டரை வாங்கவே வேண்டாம்.

பழைய ரூட்டருக்குப் பின்னால் புதியதைச் செருகினால் இரட்டை நாட் (ரூட்டர் செய்யும் முகவரி மாற்றம் இரு முறை நடப்பது) ஆகும். குரல் அரட்டை அறுபடும். ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் தரும் கருவி) ஆக்குங்கள், யூபிஎன்பி (ஆட்டத்துக்கான வழியைத் தானாகத் திறக்கும் வசதி) திறந்திருக்கட்டும். பிஎஸ்5-இல் நாட் வகை 2 வந்தால் போதும். இன்னும் 3 என்றால் ரூட்டரின் வான் (இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது சேவையாளரே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்வது. எந்த ரூட்டரும் அதைத் தீர்க்காது, பொது ஐபி தரும்படி சேவையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இடி நேரத்தில் ரூட்டர், மோடம் இரண்டின் கரண்டையும் பிடுங்கிவிடுங்கள். ஃபைபர் இழை கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆபத்து அடாப்டர் வழியே வரும். லயத்து வீடுகளுக்கிடையே செம்பு லேன் கம்பியை வெளியில் இழுக்கவே கூடாது.