தம்பியைப் போதைக் குளிசையில் இருந்து மீட்க வழி சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணம் கொக்குவில். தம்பிக்கு 19 வயது. போன கிழமை அவனுடைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பொக்கற்றுக்குள் வெறும் குளிசை மட்டை இரண்டு இருந்தது. ப்ரீகபாலின், 150 மில்லிகிராம். நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து. எங்கள் வீட்டில் அந்த வருத்தம் ஒருவருக்கும் இல்லை.

கேட்டதும் அழுதுவிட்டான். ஏஎல் சோதனைக்குப் படிக்கிற காலத்தில் ஒரு கூட்டாளி கொடுத்ததாம், இப்போது ஒரு நாளைக்கு 5, 6 போடுகிறானாம். பின்னேரத்தில் நா குழறும், படியில் கால் தடுக்கும். களைப்பு என்றுதான் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தா.

மாமா அறைக்குள் பூட்டி வை என்கிறார். எனக்குப் பயம். இதைச் சடுதியாக நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், வைத்தியர் சொல்கிறபடி அளவை மெல்ல மெல்லக் குறைக்க வேணும். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். அதனால் அவனைத் தனியே விடுவதில்லை, இரவில் நித்திரையிலும் மூச்சைப் பார்க்கிறேன்.

அவனே விடவேணும் என்கிறான். அந்த மனம் மாற முதல் கூட்டிக்கொண்டு போக வேணும். பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு நேரே போகலாமா, வேறு வைத்தியரின் துண்டு வேணுமா? தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தங்க வைத்துப் பார்ப்பார்களா? மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்தால் தமிழில் கதைக்கலாமா? வீட்டுப் பிள்ளையை இப்படி மீட்டவர்கள் யாரும் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கோ. அவன் பெயரை மட்டும் கேட்க வேண்டாம்.