சங்கிலில கிடக்குறவனும் எஜமான் அளவுக்கே சுதந்திரமானவனா? சார்த்தர் கிட்ட எனக்கு இருக்கிற சண்டை

மழைக்குருவி:
பிரெஞ்சு தத்துவவாதி சார்த்தரோட பீயிங் அண்ட் நத்திங்னெஸ் புத்தகத்தை, ஹேசல் பார்ன்ஸ் 1956ல பண்ண இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல படிச்சிட்டு வர்றேன். முதல் மூணு பாகமும் மிரள வெச்சுது, சாவித்துவாரம் வழியா எட்டிப் பாக்குறவன் பின்னாடி காலடிச் சத்தம் கேட்டதும் வெக்கத்துல கூசிப்போற இடமெல்லாம் ரெண்டு மூணு தடவை படிச்சேன், ஆனா நாலாவது பாகத்துக்கு வந்ததுல இருந்து கோவம்தான் வருது. சங்கிலில கிடக்குற அடிமையும் அவன் எஜமான் அளவுக்கே சுதந்திரமானவன்னு எழுதுறார். எப்ப எழுதுறார்னு பாருங்க. புத்தகம் வந்தது 1943, பாரிஸ் ஜெர்மன்காரன் பிடில இருக்கு. முந்தின வருஷம் ஜூலைல அதே ஊர்ல பிரெஞ்சு போலீஸே வீடு வீடா போய் 13,000 யூதர்களுக்கு மேல பிடிச்சுது, குடும்பம் குடும்பமா சைக்கிள் பந்தய ஸ்டேடியத்துல அடைச்சு வெச்சுது, அதுல 4,000 குழந்தைங்களுக்கு மேல. இதெல்லாம் நடந்த ஊர்ல இருந்துக்கிட்டு இப்படி ஒரு வரி எழுத எப்படி மனசு வந்துச்சு?

தெற்குவாசல்:
அந்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தா யாருக்கும் கோவம் வரும்ங்க. சுதந்திரம்னா நினைச்சது கிடைக்கிறது இல்லன்னு அதே அத்தியாயத்துல தெளிவா சொல்லிட்டுத்தான் மேல போறார். கைதி எப்ப வேணா வெளிய போகலாம்னா அது அபத்தம், விடுதலைக்கு ஏங்கலாம்னா அது சொல்லவே தேவையில்லாத விஷயம், ஆனா தப்பிக்க முயற்சி பண்ண அவனால எப்பவும் முடியும், இவ்வளவுதான் அவர் சொல்றது. அவரும் 1940 ஜூன்ல பிடிபட்டு ஜெர்மனில இருக்கிற ட்ரியர் முகாம்ல போர்க்கைதியா கிடந்தவர்தான், முள்வேலின்னா என்னன்னு தெரியாம எழுதல.

மழைக்குருவி:
கிடந்தார், 1941ல வெளியவும் வந்துட்டார். ஸ்டேடியத்துல அம்மா மடில கிடந்த நாலு வயசுக் குழந்தை என்னங்க முயற்சி பண்ணும்?

நடுநிசி வாசகன்:
ரெண்டு பேரும் ஒரேயடியா அடிமை, கைதின்னு போறீங்க, அந்தப் பாகத்துலயே சாதாரணமா ஒரு உதாரணம் இருக்கு, எனக்கு அதுலதான் சிக்கல் வெளிச்சமா தெரியுது. நண்பர்களோட மலைப்பக்கம் நடக்கப் போறான் ஒருத்தன், சில மணி நேரம் தாக்குப் பிடிக்கிறான், களைப்பு ஏறிக்கிட்டே போகுது, கடைசில முதுகுல இருக்கிற பையைத் தூக்கிப் போட்டுட்டு பக்கத்துலயே சாஞ்சிடுறான். கூட வந்தவங்களுக்கும் அதே களைப்புதான், ஆனா நடக்குறாங்க. ஏம்பா உக்காந்துட்டன்னு கேட்டா முடியலங்கிறான். இவன் வேற மாதிரி செஞ்சிருக்க முடியும், சரி, ஆனா அதுக்கு என்ன விலைன்னு சார்த்தரே கேக்குறார். பதிலும் அவரே சொல்றார், உலகத்துல தான் இருக்கிற முறையையே அவன் அடியோட மாத்திக்கணும்னு. இவ்வளவு பெரிய விலையைக் கேட்டுட்டு அதுக்குப் பேர் சுதந்திரம்னா எப்படி? இன்னொரு பிரெஞ்சு தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945ல தன்னோட புத்தகத்துக் கடைசி அத்தியாயத்துல இந்த இடத்தைத்தான் பிடிச்சார். 20 வருஷமா தாழ்வு மனப்பான்மையிலயே வாழ்ந்துட்ட ஒருத்தன் ஒரு நொடில மாறிடுறதுக்கான வாய்ப்பு குறைவு, அந்தக் குறைவும் நிஜமான ஒண்ணுதான்னு சொல்றார். வாழ்ந்த காலம் உடம்புல படிஞ்சு கிடக்கு, அதுக்குக் கனம் உண்டு. சார்த்தர் அந்தக் கனத்தை எங்கயுமே நிறுத்துப் பாக்கல.

தெற்குவாசல்:
கனம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாலும் அது காரணமா ஆயிடுமா? அப்புறம் இன்னொண்ணு, அந்தப் புத்தகத்தைப் பாதிக்கப்பட்டவன் மேல பழி போடுற புத்தகமாவே ஏன் படிக்கிறீங்க, அது யாரைக் குத்துதுன்னு பாருங்க. அதுல வர்ற உதாரணம், கஃபேல ஒரு சர்வர், நடை கொஞ்சம் அதிக வேகம், குனியிறது கொஞ்சம் அதிகப் பணிவு, சர்வரா இருக்கிறதையே நடிச்சுக் காட்டுறான். இப்ப அதே இடத்துல 1942ல பேர் லிஸ்டைக் கைல வெச்சுக்கிட்டு கதவைத் தட்டுன போலீஸ்காரனை வெச்சுப் பாருங்க. நான் போலீஸ், மேல இருந்து ஆர்டர், என் கைல என்ன இருக்குன்னு அவன் சொல்வான். இல்லடா, நீ போலீஸா இருக்கிறது கல்லு கல்லா இருக்கிற மாதிரி கிடையாது, ஒவ்வொரு கதவுலயும் நீதான் தேர்ந்தெடுத்த, அப்படின்னு அவன் முகத்துக்கு நேரா சொல்ல இந்தப் புத்தகத்தை விட்டா வேற எது இருக்கு? சூழ்நிலைக்குக் கொஞ்சம் இடம் விட்டா முதல்ல வந்து உக்காரப்போறது அவன்தான். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அல்லிக்குளம்:
தெற்குவாசல் அண்ணா, போலீஸ்காரன் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா அவனை நிறுத்திக் கேக்குறதுக்கு அடிமையும் எஜமானும் சமம்னு சொல்லணும்னு என்ன அவசியம்? இந்தக் கேள்வி சார்த்தரோட துணையும் எழுத்தாளருமான சிமோன் த பொவாவுக்கு 1940லயே வந்துடுச்சு. அந்தப்புரத்துல அடைபட்ட பொண்ணுக்கு என்ன சுதந்திரம்னு சார்த்தர் கிட்டயே கேட்டிருக்காங்க, அங்கயும் பல விதமா வாழலாமேன்னு அவர் சொல்லியிருக்கார், இவங்க ரொம்ப நாள் விடாம நின்னு கடைசில பேருக்கு ஒத்துக்கிட்டாங்களாம். 1960ல வந்த சுயசரிதைல அடிப்படைல நான் சொன்னதுதான் சரின்னு எழுதிட்டாங்க. அடைபட்டவளுக்கு முன்னாடி இருக்கிற வாசல்கள் குறைவு, அதை மூடினது இன்னொரு ஆளு. 1947லயும் 1949லயும் அவங்க எழுதின ரெண்டு புத்தகமும் இந்தப் பாதையிலதான் போகுது, என் சுதந்திரம் திறந்து கிடக்கணும்னா மத்தவங்க அதைத் திறந்து விடணும்னு. அதனால போலீஸ்காரன் குத்தவாளி ஆகுறது ஆர்டரைக் கேட்டதால மட்டும் இல்ல, இன்னொருத்தரோட வாசலைச் சாத்தினதாலயும்தான். சார்த்தர் கணக்குல அந்த வாசல் சாத்தவே படலையே, அப்ப அவன் என்ன குத்தம் பண்ணான்?

மழைக்குருவி:
இதைத்தான் சொல்ல வார்த்தை கிடைக்காம தவிச்சேன். கூடவே இதையும் வெச்சுக்கோங்க, 1969ல நியூ லெஃப்ட் ரிவ்யூங்கிற இடதுசாரிப் பத்திரிகைக்குக் குடுத்த பேட்டில தன்னோட பழைய முன்னுரை ஒண்ணைப் பத்தி சார்த்தரே பேசுறார். எந்தச் சூழ்நிலையிலும் மனுஷன் துரோகி ஆகுறதும் ஆகாததும் அவன் கைலதான்னு எழுதினதைத் திரும்பப் படிச்சுட்டு, நம்பவே முடியல, இதை நிஜமாவே நம்பியிருக்கேனேன்னு சொல்றார்.

தெற்குவாசல்:
அந்தப் பேட்டியை முழுசா சொல்லுங்க. அதுலயே சுதந்திரத்தை அவர் தூக்கி எறியல. சமூகம் முழுசா வார்த்து எடுத்த ஒரு ஆளு, தனக்குள்ள போட்டதை அப்படியே திருப்பித் தராம பண்ற சின்ன அசைவு இருக்கே, அதுதான் சுதந்திரம்னு சொல்றார். சங்கிலி தன்னை உடைச்சுடுன்னு யார் கிட்டயும் சொல்லாது, உடைக்கணும்னு பாக்குறது அடிமைதான். அந்தப் பார்வையும் அவன் கிட்ட இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா கலகம் பண்றது யாரு?

அல்லிக்குளம்:
அவன் கிட்ட அது இல்லன்னு இங்க யாருமே சொல்லலண்ணா. சின்ன அசைவுன்னு நீங்களே இப்ப சொல்லிட்டீங்க, அதுக்காக நானும் உங்க கூட நிப்பேன். ஆனா 1943ல அவர் எழுதினது சின்ன அசைவுன்னு இல்ல, எஜமான் அளவுக்கேன்னு. அந்த அளவை எங்க இருந்து எடுத்தார்னு புத்தகத்துக்குள்ள இருந்தே காட்டுங்க, மேல பேசலாம்.