அம்மா மாத்திரை போட்டாரா இல்லையா என்று தெரியவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

கும்பகோணம்_பெண்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில். அப்பா தவறிய பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. தினமும் போன் செய்து “மாத்திரை போட்டாச்சாம்மா?” என்று கேட்டால் “போட்டேன்டி” என்றுதான் பதில் வரும். ஆனால் ஊருக்குப் போய் எடுத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. சர்க்கரை மாத்திரை மாசம் முடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது, தைராய்டு பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன், அடித்ததும் அணைத்துவிட்டுக் கையில் இருக்கும் வேலையை முடிக்கப் போய்விடுகிறார், அப்புறம் மறந்துபோகிறது.

போன வாரம் காலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்து, சர்க்கரை கரைத்துக் கொடுத்திருக்கிறார். மீட்டரில் 58 காட்டியதாம். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நேரத்துக்குத் தானாகத் திறக்கும் மாத்திரைப் பெட்டி என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

வைகைக்கரை:
அந்த மெஷினுக்கு இப்போதே காசு போடாதீர்கள். சாதாரண ஏழு நாள் பிளாஸ்டிக் டப்பா மெடிக்கலிலேயே கிடைக்கும், என் மாமியாருக்கு அதுதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் நிரப்பிவிடுவேன். இதில் பெரிய லாபம் என்னவென்றால், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அவரே திறந்து பார்த்துக்கொள்ளலாம், அறை காலி என்றால் போட்டாயிற்று. அட்டையிலிருந்து பிதுக்கிப் போடும்போது அது தெரியவே தெரியாது.

டப்பாவை பீரோவுக்குள் வைக்காதீர்கள். அவர் சாப்பிட உட்காரும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். அலாரத்தை நம்புவதை விட, அம்மா எப்படியும் தவறவிடாத ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள். காலை டிபன், ராத்திரி சாப்பாடு, அந்த மாதிரி. வாங்கும்போது மூடியை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், விரல் மூட்டு வலி இருப்பவர்களுக்குச் சில டப்பாக்கள் திறக்கவே வராது.

மருந்தாளுநர்_திருச்சி:
தங்கச்சி, டப்பா இருக்கட்டும், முதலில் அந்த 58 விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மாத்திரை சீக்கிரம் தீர்கிறது என்றால், போட்டது ஞாபகம் இல்லாமல் இரண்டாம் தடவையும் போடுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு வேளை விட்டுப்போவதை விட இது ஆபத்து. அதுவும் சீட்டில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால், அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலே சர்க்கரை இறங்கும். அளவை மாற்றுவதா நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மறுபடி அப்படி ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீட்டரில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு சரியாக இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்களே (2021-லிருந்து நடக்கிறது), அதையும் வாங்கிக்கொண்டு தனியார் டாக்டர் சீட்டில் உள்ளதையும் சேர்த்துப் போடுபவர்களை நான் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றில் மெட்ஃபார்மின் என்று இருக்கும், இன்னொன்றில் கிளைகோமெட் என்று இருக்கும், உள்ளே சர்க்கரை மருந்து ஒன்றுதான். வீட்டில் உள்ள எல்லா அட்டையையும், பழையது உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். அப்போதே இன்னொன்றும் கேளுங்கள்: வேளையைக் குறைக்க முடியுமா என்று. நாலு வேளை இரண்டு வேளையானால் பாதித் தொல்லை தீர்ந்தது.

தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையை டப்பாவில் போடாமல் அதன் பாட்டிலிலேயே வையுங்கள், ஈரம் ஆகாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

பாலாற்றங்கரை:
நான் வேறு ஒரு கோணம் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்கும் மறதி என்றுதான் வீடே நினைத்தோம். பொறுமையாகப் பேசிப் பார்த்தால், நீர் பிரிய எழுதிய மாத்திரையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். போட்டால் பஸ்ஸில் போக முடியவில்லை, கோயிலில் உட்கார முடியவில்லை, இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். டாக்டரிடம் சொன்னதும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார், அன்றிலிருந்து ஒழுங்காகப் போடுகிறார். அதனால் “போட்டியா, போட்டியா” என்று விசாரிக்காதீர்கள், விசாரித்தால் போட்டேன் என்றுதான் சொல்வார்கள். எந்த மாத்திரை போட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரைக்காகக் காப்பியைத் தள்ளிப்போடுவதுதான் கஷ்டமோ என்னவோ.

கும்பகோணம்_பெண்:
காப்பிதான்! இப்போது போன் செய்து கேட்டேன். எழுந்ததும் காப்பி குடிக்காமல் அவ்வளவு நேரம் இருக்க முடியவில்லையாம், குடித்த பிறகு போடக் கூடாது என்று சொன்னதால் அன்றைக்கு விட்டுவிடுகிறாராம். இத்தனை நாளும் இதை வாயே திறக்கவில்லை. டாக்டரிடம் நாளைக்கே போனில் பேசுகிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரையைத் திரும்பப் போடுவது மறதிதானே அண்ணா, அதுதான் பயமாக இருக்கிறது.

மருந்தாளுநர்_திருச்சி:
பயப்படுவதற்கு முன் இரண்டு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை சரியாகப் போடாவிட்டால் அதனாலேயே மந்தமும் மறதியும் வரும். மெட்ஃபார்மினைப் பல வருடம் போடுபவர்களுக்குப் பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மறதியைக் கொண்டுவரும். ஆகவே தைராய்டு அளவு பார்க்க டிஎஸ்எச், வைட்டமினுக்கு பி12. இரண்டும் சரிசெய்யக் கூடியவை. காலையில் முடியாவிட்டால், ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கப்போகும்போது தைராய்டு மாத்திரை போடலாமா என்றும் கேளுங்கள், சிலருக்கு டாக்டர்கள் அப்படி எழுதுவார்கள். அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவில் வழி தடுமாறுவது என்றெல்லாம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படி இருந்தால் டப்பாவே போதாது, ஒவ்வொரு வேளையும் கையில் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், மீதியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

கும்பகோணம்_பெண்:
அடுப்பு, வழி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்புகிறேன், அட்டைகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். நான் இல்லாத வாரங்களில் டப்பாவை நிரப்ப அந்த அக்கா ஒத்துக்கொண்டார்.

வைகைக்கரை:
நல்லது. முதல் தடவை அந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் நிரப்பிக் காட்டுங்கள், நிரப்பிய டப்பாவை ஒரு போட்டோ எடுத்து அவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாத்திரையை மாற்றினால் பழைய போட்டோவை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.