தண்ணீர் நின்றுபோகும் என்ற வருஷம்

கேப் டவுனில் இருந்தவர்:

2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வேலை பார்த்தேன். மூன்று வருஷமாக மழை பொய்த்து அணைகள் வற்றிக் கிடந்தன. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று மாநகராட்சி கட்டுப்பாடு போட்டது. குழாயே நிற்கப்போகும் நாளுக்குத் தேதி குறித்தார்கள். அதன்பின் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர். நல்லவேளை, அந்த நாள் வரவில்லை. குளித்த தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அலுவலகம் முழுக்க இதே பேச்சு.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா கயெலிட்ஷாவிலிருந்து வருவார், நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். "தண்ணிக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான்" என்றார். அவர் இருந்த தகரக் குடிசை வரிசைக்கே ஒரு பொதுக்குழாய். விடியுமுன் வாளி சுமந்து வைத்துவிட்டு, இருட்டோடு மினிபஸ் ஏறுகிறவர். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதே வாரம் மலையடிவாரத்தில் ஒரு பங்களாவுக்கு விருந்துக்குப் போனேன். புல்தரை பச்சைப்பசேலென்று இருந்தது. வாசலில் 'போர் தண்ணீர்' என்று பலகை. காசுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். நிறம் பார்த்து மக்களை ஊருக்கு வெளியே தள்ளிய 1950-ன் சட்டம் எப்போதோ போய்விட்டது, வீடுகள் மட்டும் தள்ளிய இடத்திலேயே இருக்கின்றன. உலக வங்கியின் 2014-ம் ஆண்டுக் கணக்கில், ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீடு தென்னாப்பிரிக்காவுக்கு 63, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. (எல்லோருக்கும் சமம் என்றால் 0, ஒருவரிடமே மொத்தமும் என்றால் 100.)

ஒஸ்லோவிலிருந்து:

அண்ணை, இஞ்ச நோர்வேயில அந்தக் குறியீடு 27, 28 அளவிலதான். மகள் போற பாலர் பாடசாலையில எங்கட மனேஜற்ற பெடியனும் இருக்கிறான், அதே கந்தோரில துப்பரவு வேலை செய்யிற அக்காவின்ர பிள்ளையும் இருக்கு. 2024 ஓகஸ்டில மாதக் கட்டணம் 2,000 குரோனருக்கு மேல எடுக்கக்கூடாது எண்டு அரசாங்கம் வச்சது, பிறகு அதையும் குறைச்சது. வருமானம் குறைஞ்ச வீட்டுக்கு இன்னும் குறையும். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க ஏலாது, முடி வெட்டவே கை சுடும். எனக்கு அதில குறையில்லை. வெட்டிறவரும் அந்தச் சம்பளத்தில குடும்பம் நடத்திறார்.

கேப் டவுனில் இருந்தவர்:

தம்பி, அப்போ ஊருக்குள்ள வித்தியாசமே இல்லையா?

ஒஸ்லோவிலிருந்து:

இருக்கு அண்ணை. நாங்கள் கிழக்குப் பக்கம், குரோருட் பள்ளத்தாக்கில. எங்கட சனம் கனக்க இருக்கிற இடம். நகரத்துக்கு நடுவால ஓடுற ஆத்துக்கு மேற்கால இருக்கிற வசதியான ஆக்கள் சராசரியா எங்களைவிடச் சில வருசம் கூட வாழினம். ஒரே மெட்ரோவிலதான் எல்லாரும் போறம், வைத்தியமும் ஒரே மாதிரித்தான். பிறகும் ஏன் எண்டு மகளைப் பாக்கிற நேரமெல்லாம் யோசிக்கிறன்.