கரி கண்ட இடமெல்லாம் அடுப்பா? கல்லடுப்பு அகழ்வு அனுபவங்கள்

பழங்கால மனிதர் மூட்டிய அடுப்பை அகழ்வில் எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தோண்டுவது என்று இலங்கையின் கிழக்கில் அகழும் நால்வர் சொல்கிறார்கள். தலைப்புகள் அவரவர் இடத்தின் பெயர்.

கல்லோயாப் பக்கம்

அம்பாறைக் காட்டோரங்களில் கரித்திட்டு தெரிந்த உடனே பதிவேட்டில் 'அடுப்பு' என்று எழுதிவிட வேண்டாம். சேனைப் பயிருக்காக எரித்த காட்டில் மரக்கட்டையின் வேர் நிலத்துக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும். கரியும் சிவந்த மண் வட்டமும் அடுப்பு மாதிரியே கிடக்கும். வேறுபாடு வெட்டுமுகத்தில்தான் தெரியும். வேர்க்குழி போகப் போக ஒடுங்கி, கிளைவிட்டு, கோணலாக இறங்கும். அடுப்பின் அடி தட்டையாகவோ ஆழமில்லாத கிண்ணமாகவோ முடியும்.

மேலே சாம்பல், நடுவே கரி, அடியில் சில சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சிவந்த மண் என்பதுதான் முழு அடுப்பின் ஒழுங்கு. சாம்பல் மாரி மழையில் கரைந்திருக்கும், கரி அள்ளுண்டு போயிருக்கும். சிவந்த மண் எரிந்த இடத்திலேயே நிற்கும், ஆகவே நான் முதலில் நம்புவது அதைத்தான். ஆனால் இரும்பு குறைந்த வெண்மணலில் எவ்வளவு எரித்தாலும் நிறம் ஏறாது. அங்கே காந்த ஏற்புத்திறன், அதாவது மண் எவ்வளவு காந்தமாகும் என்பதை, அளந்து பார்க்கலாம்.

திட்டு முழுவதையும் ஒரேயடியாகக் கிளறினால் இவை எதுவும் மிஞ்சாது. நடுவே நூல் பிடித்து ஒரு பாதியை மட்டும் சாந்தகப்பையால் மெல்லச் சுரண்டி இறக்குங்கள். வெட்டுமுகத்தை வரைந்து படம் எடுத்த பிறகே மற்றப் பாதி. கச்சான் காற்றில் மண் காய்ந்து நிறம் மங்கிவிடும், அதனால் நிழல் கட்டி, பூத்தூறலாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பாருங்கள்.

வாகரை வடக்கு

அண்ணன் மண்ணைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நைஸ் (gneiss) என்ற வரியோடிய உருமாறிய பாறை. அது வெயிலிலும் மழையிலும் தானாகவே வெங்காயத் தோல் போல உரியும். அப்படி உரிந்த கல்லில் மாற்றம் சுற்றிவரச் சமமாக இருக்கும். தீப்பட்ட கல்லில் நெருப்பைப் பார்த்த முகம் மட்டும் சிவந்தோ கறுத்தோ இருக்கும். உடைவு கரடுமுரடாக, கோணல்மாணலாகப் போகும். குவார்ட்ஸ் என்றால் உள்ளே மயிர்வெடிப்புகள் ஓடி, கல் பால்நிறமாக மங்கி, நகத்துக்கே உதிரும்.

துண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை ஒன்றோடொன்று பொருந்தினால் கல் அங்கேயே வெடித்தது. ஒன்றுமே பொருந்தாவிட்டால், வேறிடத்தில் சூடாக்கிய கற்களை வாரிக் கொட்டிய குவியலாக இருக்கலாம். வரைபடம் 1:10 அளவில் முடியும்வரை ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, மேல்மட்டம், அடிமட்டம் இரண்டையும் எடுங்கள். கற்களை மண்மேடையில் நிற்கவிட்டுச் சுற்றிவரத் தோண்டுவது படத்துக்கு அழகு. ஆனால் அப்படித் தோண்டும்போதுதான் பழைய வாழ்தளம் அறுபட்டுப் போகிறது.

பொத்துவில்

கரியின் வயதை அளக்கும் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்குப் பெருங்கரித் துண்டைத் தேடி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். முதிய மரத்தின் உள்வைரம் அடுப்பைவிட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். கருகிய விதை, கொட்டை ஓடு, சுள்ளி கிடைத்தால் அதுவே மேல். இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் போதும். கை படாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். பஞ்சு, கடதாசி வேண்டாம். வேர்நூல் ஏறிய கரியைத் தனியாகக் குறியுங்கள்.

அடுப்பு மண்ணை வீசக் கூடாது. சிறிய அடுப்பென்றால் முழுவதையும், பெரிதென்றால் 20 முதல் 40 லீற்றர் வரையும் மிதவை முறையில் கழுவுங்கள். மிதப்பதை 0.3 மில்லிமீற்றர் வலையிலும் அடியில் தங்குவதை 1 மில்லிமீற்றர் வலையிலும் பிடித்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவிட்டால் கருகிய விதை வெடித்துவிடும். மற்ற மண்ணுக்கு 5 மில்லிமீற்றர் அரிதட்டு மட்டும் போதாது, நுண்கற்கருவிகளின் சில்லு தப்பிவிடும். கீழே 2 மில்லிமீற்றர் ஒன்று வையுங்கள்.

பட்டிப்பளை

கற்குகைகளில் இன்னொரு சிக்கல். மேலே கிடக்கும் முக்கல் அடுப்பு தேன் எடுப்பவர்களோ மாட்டுப்பட்டிக்காரரோ மூட்டியதாக இருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பும் வேடர் குடும்பங்கள் இந்தக் குகைகளில் தங்கினார்கள். மழைநீர் வடியப் புருவம் வெட்டிய குகையென்றால் பிக்குகளுக்காகத் தளத்தையே சமப்படுத்தியிருப்பார்கள், பழைய மண்படை அறுந்திருக்கும். முள்ளம்பன்றி வளையும் புதையல்காரர் குழியும் மேலுள்ள கரியைக் கீழே இறக்கிவிடும். ஆகவே மண் தளர்ந்த இடங்களை முதலில் தனியாக வெட்டி வெளியேற்றிவிட்டுத்தான் நல்ல படைக்குள் இறங்க வேண்டும்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் தோண்டக் கூடாது. அனுமதி இருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்து, தளத்தின்மேல் வலைத்துணி விரித்து, அரித்த மண்ணாலேயே குழியை மூடிவிடுங்கள்.