தாத்தா குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சித்தப்பா: ஞாயிறு மலாக்கா வளைகாப்புக்கு என் வண்டியில் ஏழு பேர். அதற்குள் கியர் எண்ணெய் மாற்றிவிடுகிறேன். அண்ணே, வியாழன் மாலை உங்கள் வீட்டு வாசல் இரண்டு மணி நேரம் வேண்டும்.

அத்தை: வண்டிக்கு என்ன?

சித்தப்பா: ரிவர்ஸ் போட்டால் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் நகர்கிறது.

கவிதா அக்கா: நேற்று எம்ஆர்டி ரயில் நிலையத்தில் உங்கள் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் என் கழுத்து போச்சு

பிரவீன்: பட்டறையில் விடுங்க லா சித்தப்பா

சித்தப்பா: எதற்கு? கேள். பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் வெதுவெதுப்பாகும். கொதிக்கக் கூடாது, கை வெந்துவிடும். நான்கு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட், வண்டி சமமாக நிற்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது. அப்புறம் முக்கியமானது: ஊற்றுகிற துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற போல்ட்டில் கை வைக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு, மேலே திறக்க வரவில்லை என்றால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வடித்ததை அளக்க வேண்டும். 3.2 லிட்டர் வந்தால் முதலில் அதே 3.2 ஊற்றி, பிறகு கையேட்டில் சொன்ன சூட்டில் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

கவிதா அக்கா: 👍

அத்தை: படித்துவிட்டேன், புரியவில்லை

பெரியப்பா: வாசல் வேண்டாம். போன வருடம்தான் டைல்ஸ் போட்டோம்.

சித்தப்பா: அப்பா இருந்தபோது அந்த வாசலில்தானே வேன் எண்ணெய் மாற்றுவோம்?

பெரியப்பா: அப்போது சிமெண்ட். டைல்ஸுக்குக் காசு போட்டது நான்.

அத்தை: இரண்டு பேரும் ஆரம்பிக்காதீர்கள்.

பெரியப்பா: உன் புளோக் கார்பார்க்கில் செய்.

சித்தப்பா: வீவக அடுக்குமாடி கார்பார்க்கில் வண்டியைத் தூக்கி நிறுத்தினால் சம்மன் யார் கட்டுவது, நீங்களா?

பிரவீன்: மிச்ச எண்ணெயை என் ஜாஸ் காருக்குத் தருவீர்களா

சித்தப்பா: டேய்! உன்னுடையது சிவிடி, வேறு வகை கியர் பெட்டி. அதற்கு ஹெச்சிஎஃப்-2 எண்ணெய். இதை ஊற்றினால் பெட்டி போய்விடும்.

பிரவீன்: சரி சரி

மலாக்கா சுமதி: அத்தை, ஏழு வகைச் சாதத்தில் புளியோதரை நீங்கள்தானே?

அத்தை: நான் எலுமிச்சை என்றுதானே சொன்னேன்?

கவிதா அக்கா: எலுமிச்சை நான் 😐

பெரியம்மா: புளியோதரை எள்ளு வறுத்துப் போட்டால்தான் சுமதி மாமியாருக்குப் பிடிக்கும். போன தடவை பேச்சு வாங்கியது நாம்தான்.

பெரியப்பா: வண்டியின் சிஓஇ உரிமம் முடிய 14 மாதம். எதற்கு இந்தச் செலவு?

சித்தப்பா: எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும் அண்ணே. டிஷ்யூவில் தொட்டுப் பார்த்தேன், கோப்பி ஓ மாதிரி கறுப்பாக இருக்கிறது. கருகின வாடை இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் தப்பித்தோம். ஒரே தடவையில் முழுசும் வடியாது, இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். அதனால் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை.

பெரியப்பா: இன்னொரு தடவையுமா!

சித்தப்பா: தார்ப்பாய் விரிக்கிறேன், அதன் மேல் அட்டை. பழைய எண்ணெயை டப்பாவில் அடைத்து காக்கி புக்கிட் வட்டாரத்தில் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுவேன். உங்கள் வடிகாலில் ஒரு சொட்டு விழாது.

பெரியம்மா: 2016இல் மோட்டார் சைக்கிளுக்கும் இதையே சொன்னீர்கள் தம்பி.

பிரவீன்: 😂😂 அந்தக் கறை

பெரியப்பா: பார்க்கலாம். வியாழன் பிரதோஷம் வேறு, கோயிலுக்குப் போகிறோம்.

சித்தப்பா: கேட் சாவி என்னிடம் இருக்கிறது.

பெரியப்பா: எந்த சாவி?

கவிதா அக்கா: ஞாயிறு யார் வண்டி என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் எல்லைச் சோதனைச்சாவடிக்கு முன் முக்கால் டாங்க் பெட்ரோல் நிரப்ப வேண்டும்.

பிரவீன்: என்னுடையதில் நான்கு பேர் வரலாம். அத்தை வந்தால் மூன்று

அத்தை: வாடா நீ

சித்தி: என் நீல பேசினை யார் எடுத்தது? முறுக்கு மாவு பிசைகிற பேசின்.

சித்தி: இவரைத்தான் கேட்கிறேன். நீல டிக் தெரிகிறது.