பேண்டோகிராஃபுக்குத் தமிழ்: நாளை மாலைக்குள் வேண்டும்

அன்பர்களே, வணக்கம். நெடுஞ்சாலைக்கு மேலே கம்பி கட்டி மின்லாரி ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்றொரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். சுவீடனில் 2016இல் 2 கி.மீ., பிறகு 2019இல் ஜெர்மனியின் ஏ5 சாலை என்று சோதனைகள் வருகின்றன. லாரிக் கூரையிலிருந்து எழும்பிக் கம்பியைத் தொடும் பேண்டோகிராஃபில்தான் சிக்கினேன். 'மின்வாங்கி' சரியா?

*

சரியில்லை. பிரேக் பிடித்தால் மோட்டாரே மின்னாக்கியாகிக் கம்பிக்குத் திருப்பித் தரவும் வழியுண்டு. கொடுப்பதை வாங்கி என்பதா? 'மின்பற்றி' என்க.

*

'மின்பற்றி பற்றிய கட்டுரை' என்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், ஐயா. 'கொக்கி' போதும், ஓட்டுபவருக்கும் புரியும்.

*

கொக்கி போட்டால் அது திருட்டு மின்சாரம், அம்மா! தவிர, இது மாட்டுவதே இல்லை. கரிப்பட்டை கம்பியின் அடியில் உரசிக்கொண்டே போகும். முந்த வேண்டுமானால் லாரி இந்தக் கையை மடக்கிக்கொண்டு மின்கலத்தில் ஓடும். ரயிலுக்கு ஒரு கம்பி, திரும்பும் வழி தண்டவாளம். ரப்பர் சக்கரத்துக்கு அந்த வழி இல்லை, ஆகவே இரண்டு கம்பி. செலவு அங்கேதான் ஏறுகிறது: ஓடும்போதே மின்னேறுவதால் லாரிக்குச் சின்ன மின்கலம் போதும், ஆனால் நாள் முழுக்க லாரி ஓடாத சாலையில் கம்பி கட்டுவது வீண்.

*

இதெல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது ஐயா, எனக்குச் சொல்தான் வேண்டும்.

*

பேண்டோகிராஃப் முதலில் படத்தைப் பெரிதாக்கி வரையும் கருவி. கிரேக்கத்தில் 'எல்லாம் எழுதி'. வடிவ ஒற்றுமையால் ரயில் கூரைக்கு ஏறிய பெயர். நாமும் வடிவம் பார்ப்போம்: 'மடக்குக்கை'.

*

மடக்குக்கை குடைக்கும் பொருந்தும். 'மின்பற்றுகை' ஆகட்டும், 'பற்றி'யின் குழப்பமும் தீரும்.

*

பெயர் எதுவாயினும் புணர்ச்சியைக் கெடுக்காதீர்கள். 'மின்னும் பின்னும் பன்னும் கன்னும்' தொழிற்பெயர் போல உகரம் பெறும் என்பது தொல்காப்பியம். மின்கம்பியே பிழை, மின்னுக்கம்பி.

*

மின்கட்டணத்தை மின்னுக்கட்டணம் என்று சொல்லிப் பாருங்கள், ஐயா. வழக்கும் இலக்கணம்தானே?

*

நன்றி. நால்வர் சாய்ந்ததால் 'மின்பற்றுகை' என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் பக்கத்திலேயே பேண்டோகிராஃபும் இருக்கிறது.

*

மின்னுப்பற்றுகை.